சத்திரசிகிச்சை தவறிப்போனால்: முறைப்பாடா, வழக்கா, எத்தனை நாளுக்குள்?

பித்தப்பை எடுக்கப் போனவருக்கு நாலாம் நாள் கண் மஞ்சளாகிறது. கர்ப்பப்பை எடுத்த பெண்ணுக்கு வீட்டுக்கு வந்த பிறகு சிறுநீர் தானாகக் கசிகிறது. சிசேரியன் முடிந்து மாதக்கணக்காகியும் வயிற்றுவலி தீராமல் ஸ்கேன் எடுத்தால், உள்ளே ஏதோ இருக்கிறது என்கிறார்கள். மட்டக்களப்பிலிருந்தும் அம்பாறைக் கரையோரத்திலிருந்தும் வரும் கேள்விகள் பெரும்பாலும் இப்படித் தொடங்கி ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: டிரெக்டருக்குக் கடிதம் எழுதுவதா, பொலிசுக்குப் போவதா, கோட்டில் வழக்குப் போடுவதா?

இந்த வழிகள் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. ஒவ்வொன்றும் வேறு வேறு பலனைத் தரும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கால எல்லை உண்டு. எங்கள் ஆட்கள் அதிகம் இழப்பது மரியாதையான, இலேசான வழியாகத் தெரியும் அந்த முதல் கடிதத்தால்தான். "விசாரிக்கிறோம்" என்ற பதிலை நம்பி ஒரு வருடம், ஒன்றரை வருடம் காத்திருக்கிறார்கள். அந்தக் கடிதம் வழக்குப் போடுவதற்கான காலத்தை ஒரு நாள்கூட நிறுத்தி வைப்பதில்லை.

கீழே உள்ளது இலங்கைச் சட்டத்தின் பொது நிலை. உங்கள் ஆவணங்களைப் பார்த்த சட்டத்தரணி ஒருவரின் ஆலோசனைக்கு இது ஈடாகாது. ஆனால் அவரிடம் எப்போது போக வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்பதற்கு உதவும்.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

முதலில் உங்களுக்கு என்ன வேண்டும் என்பதைக் குடும்பமாக இருந்து பேசுங்கள். என்ன நடந்தது என்ற விளக்கமா? மருந்துச் செலவுக்கும் இழந்த உழைப்புக்கும் காசா? இன்னொருவருக்கு இப்படி நடக்காமல் அந்த மருத்துவர் மீது நடவடிக்கையா? தண்டனையா? ஒரே வீட்டில் தகப்பன் ஒன்றையும் மகன் இன்னொன்றையும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். அதைத் தீர்க்காமல் எந்த வழியில் இறங்கினாலும் பாதியில் நிற்க வேண்டிவரும்.

அடுத்தது, நடந்தது அரச வைத்தியசாலையிலா தனியாரிலா என்பது. எங்கள் பகுதியில் இது கலந்தே வரும். பின்னேரம் தனியார் இடத்தில் சத்திரசிகிச்சை நடக்கும், நிலைமை மோசமானதும் நோயாளியை அம்புலன்சில் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றிவிடுவார்கள். அப்படியென்றால் இரண்டு இடத்துப் பதிவுகளும் தேவை, இரண்டு தரப்பின் பொறுப்பையும் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, கால எல்லை. நான்காவது, நிரூபிக்க முடியுமா என்பது. ஐந்தாவதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் எல்லோர் மனதிலும் இருக்கிறது: நாளைக்கும் அதே வார்டுக்கும் அதே கிளினிக்குக்கும்தானே போக வேண்டும்? மட்டக்களப்பு வாவிக்கு அப்பால் படுவான்கரையிலிருந்து வரும் ஒரு குடும்பத்துக்கு வேறு வைத்தியசாலை என்பது வேறு மாவட்டம். "பெரிய டொக்டரோட நாங்க என்னத்தப் பேசுற" என்று ஒதுங்குவது கோழைத்தனம் அல்ல, இந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. இதையும் ஒரு செலவாகக் கணக்கில் எடுத்தே ஒவ்வொரு வழியையும் எடைபோட்டிருக்கிறேன்.

## சிக்கலா, கவனயீனமா?

விளைவு மோசமாக இருப்பது மட்டும் கவனயீனத்துக்கு ஆதாரம் ஆகாது. பித்தப்பைச் சத்திரசிகிச்சையில் பித்தநாளம் காயப்படுவதும், கர்ப்பப்பை எடுக்கும்போது சிறுநீர்க்குழாய் காயப்படுவதும் உலகெங்கும் திறமையான கைகளிலும் நடப்பவை. ஒப்புதல் படிவத்தில் இந்த ஆபத்துகளுக்கும் சேர்த்துத்தான் கையெழுத்து வாங்குகிறார்கள். அதே நேரம் அந்தக் கையெழுத்து கவனயீனத்துக்குக் கொடுத்த அனுமதி அல்ல. "சைன் வெச்சிட்டீங்களே, இனி என்ன" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பல வழக்குகளின் உயிர் இருப்பது காயத்தில் அல்ல, காயத்துக்குப் பிறகு நடந்ததில். மூன்றாம் நாள் காய்ச்சல், வயிறு ஊதல், கண் மஞ்சள் என்று தாதியிடம் சொன்னீர்கள். அது எழுதப்பட்டதா? வைத்திய நிபுணர் எப்போது வந்து பார்த்தார்? இரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எப்போது நடந்தன? எப்போது கண்டிக்கோ கொழும்புக்கோ அனுப்பினார்கள்? அதே துறையில் நியாயமான திறமையுள்ள ஒருவர் அந்த நிலையில் என்ன செய்திருப்பார் என்பதுதான் அளவுகோல். வயிற்றுக்குள் துணியை விட்டுத் தைத்தது, இடது காலுக்குப் பதில் வலது காலை வெட்டியது போன்றவை வேறு. அங்கே விளக்கம் சொல்ல வேண்டிய சுமை மறுபக்கம் சாய்கிறது.

கவனயீனத்தைக் காட்டினாலும் போதாது, அதனால்தான் இந்தப் பாதிப்பு வந்தது என்றும் காட்ட வேண்டும். இலங்கையில் மருத்துவக் கவனயீனம் என்றவுடன் சட்டத்தரணிகள் சொல்லும் பிரியானி சொய்சா வழக்கு இந்த இடத்தில்தான் முடிந்தது. மூளைத்தண்டில் கட்டி வந்து 1992இல் இறந்த ஒரு சிறு பிள்ளையின் தகப்பன், பெயர்பெற்ற குழந்தை வைத்திய நிபுணருக்கு எதிராகத் தொடுத்த வழக்கு அது. மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபாய் நட்டஈடு கொடுத்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை இரண்டரை இலட்சமாகக் குறைத்தது. 2001இல் உயர் நீதிமன்றம், கவனயீனம் இருந்திருந்தாலும் பிள்ளையின் மரணத்துக்கு அதுதான் காரணம் என்று நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லி வழக்கைத் தள்ளியது. உங்கள் வழக்கிலும் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் கேட்கப்போவது இதைத்தான்: நேரத்தோடு கண்டுபிடித்திருந்தால் முடிவு மாறியிருக்குமா?

## எல்லாவற்றுக்கும் முன்: காகிதங்கள்

எந்த வழியை எடுத்தாலும் இந்த வேலை பொது. துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது கையில் தரும் டயக்னோசிஸ் கார்ட், கிளினிக் கொப்பி, மருந்துத் துண்டுகள், ஸ்கேன், எக்ஸ்ரே, தனியார் என்றால் பில் எல்லாவற்றையும் போனில் படமெடுத்து, குடும்பத்தில் இரண்டு பேரிடம் வையுங்கள். கிளினிக் கொப்பியின் ஓரத்தில் கிறுக்கலாக எழுதிய திகதியும் வேலைசெய்யும். மேல் அட்டைகளோடு நிறுத்தாமல் உள்பக்கங்களையும் எடுங்கள்.

உண்மையான கதை இருப்பது வார்டில் எழுதப்படும் பி.எச்.ரி என்ற துண்டில். எத்தனை மணிக்குக் காய்ச்சல், யார் வந்து பார்த்தார், தியேட்டருக்குள் என்ன நடந்தது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். அது வைத்தியசாலையிலேயே தங்கிவிடும். அரச வைத்தியசாலை என்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அங்குள்ள தகவல் உத்தியோகத்தரிடம் கேளுங்கள். அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கு மேன்முறையீடு செய்யலாம், அதற்குப் பிறகு இரண்டு மாதங்களுக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். மருத்துவப் பதிவுகளை மூன்றாமவருக்குக் கொடுக்க அந்தச் சட்டம் தடை போடுகிறது, எனவே நோயாளியின் எழுத்து மூலச் சம்மதத்தையும் சேர்த்துக் கொடுங்கள். மகன் கேட்டுப் போய் வெறுங்கையோடு திரும்புவது பல நேரம் இந்தக் கையெழுத்து இல்லாததால்தான்.

இன்னொன்று, ஒரு நாட்குறிப்பு. எந்தத் திகதி, எத்தனை மணி, யார் என்ன சொன்னார் என்று நினைவு பசுமையாக இருக்கும்போதே எழுதுங்கள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவரின் போன் நம்பரையும் எடுத்து வையுங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | எங்கே பொருந்தும் | கால எல்லை | கிடைக்கக்கூடியது | கிடைக்காதது |
|---|---|---|---|---|
| நிர்வாக முறைப்பாடு | அரச வைத்தியசாலை | உடனே கொடுப்பது நல்லது | விளக்கம், ஒழுக்காற்று விசாரணை | நட்டஈடு |
| இலங்கை மருத்துவ சபை | அரச, தனியார் மருத்துவர் | தாமதித்தால் சாட்சியம் பலவீனப்படும் | பதிவை நீக்குதல், இடைநிறுத்தல் | நட்டஈடு, சிறை |
| மாவட்ட நீதிமன்ற வழக்கு | இரண்டும் | 2 வருடம் | நட்டஈடு | விரைவான முடிவு |
| அடிப்படை உரிமை மனு | அரச தரப்பு மட்டும் | 1 மாதம் | உரிமை மீறல் தீர்ப்பு, நட்டஈடு | சாதாரணக் கவனயீனத்துக்குத் தீர்வு |
| பொலிஸ், நீதவான் | இரண்டும் | 20 வருடம், ஆனால் பிரேதத்துக்குச் சில மணி நேரம் | குற்ற விசாரணை, தண்டனை | உங்கள் கையில் கட்டுப்பாடு |
| நுகர்வோர் அதிகாரசபை | காசு கட்டிய தனியார் சேவை | 3 மாதம் | கட்டணத் தகராறுக்கு நிவாரணம் | மருத்துவப் பிழைக்கு முழுப் பதில் |

## வைத்தியசாலைக்கும் சுகாதாரத் திணைக்களத்துக்கும் முறைப்பாடு

மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை மத்திய சுகாதார அமைச்சின் கீழ் வருகிறது. மாகாண சபையின் கீழ் உள்ள வைத்தியசாலை என்றால் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கு எழுத வேண்டும். அம்பாறை மாவட்டத்துக்குள் கல்முனைக்கென்று தனிப் பிராந்தியப் பணிமனை இருக்கிறது, சாய்ந்தமருதுக்காரர் அம்பாறை நகருக்குக் கடிதம் அனுப்பி அலையத் தேவையில்லை. பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அல்லது நேரில் கொடுத்துப் பிரதியில் முத்திரை வாங்குங்கள்.

இந்த வழியில் காசு செலவில்லை, தமிழில் எழுதலாம், சட்டத்தரணி தேவையில்லை. குடும்பத்துக்குத் தேவை விளக்கமும் தொடர்ந்து நல்ல சிகிச்சையும்தான் என்றால், இதுவே சரியான வழி. நிபுணர் உட்கார்ந்து பேசி, வேறு வைத்தியசாலைக்கு ஒழுங்காக அனுப்பிவைத்தாலே பாதிக் கோபம் ஆறிய குடும்பங்கள் உண்டு.

மறைந்திருக்கும் செலவு காலம். உள்ளக விசாரணை எப்போது முடியும் என்று உங்களுக்கு யாரும் திகதி தரமாட்டார்கள், அறிக்கையின் பிரதியும் தானாக வராது. ஆகவே கடிதத்தைக் கொடுங்கள், ஆனால் பதிலுக்காக மற்றதை நிறுத்தி வைக்காதீர்கள். கடிதத்தில் ஊகம், வசை, "கொலை செய்துவிட்டார்கள்" போன்ற சொற்கள் வேண்டாம். திகதியும் நடந்ததும் போதும். பின்னாளில் இதே கடிதம் நீதிமன்றத்தில் வாசிக்கப்படலாம்.

## இலங்கை மருத்துவ சபை

1927ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க மருத்துவக் கட்டளைச்சட்டத்தின் கீழ் இயங்கும் இந்தச் சபை கொழும்பில் உள்ளது. முறைப்பாட்டோடு சத்தியக்கடதாசியும் சேர்த்து அனுப்ப வேண்டும், அதை உங்கள் ஊர் சமாதான நீதவான் முன்னிலையிலேயே முடிக்கலாம். முதலில் ஒரு பூர்வாங்கக் குழு பார்க்கும். விடயம் இருக்கிறது என்று கண்டால் ஒழுக்கக் குழுவுக்குப் போகும். மருத்துவரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கவும் சிலகாலம் இடைநிறுத்தவும் அதிகாரம் உண்டு.

போதையில் சத்திரசிகிச்சை செய்தது, பதிவுகளை மாற்றி எழுதியது, தகுதி இல்லாத சிகிச்சையைச் செய்தது, நோயாளியைக் கைவிட்டுப் போனது போன்றவற்றுக்கு இது பொருத்தமான இடம். ஒரு கணத் தவறான தீர்மானத்துக்கு இங்கே பெரிய பலன் எதிர்பார்க்க முடியாது. தாதியரின் பிழையும் இந்தச் சபைக்குள் வராது. காசும் வராது. சத்தியக்கடதாசியில் எழுதியதிலிருந்து பிறகு விலக முடியாது என்பதால், வழக்கும் போடும் எண்ணம் இருந்தால் சட்டத்தரணியிடம் காட்டிய பிறகே அனுப்புங்கள்.

## மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்கு

வாழ்நாள் முழுதும் பை கட்டிக்கொண்டு வாழ வேண்டிய நிலை, கைகால் இழப்பு, மூளைப் பாதிப்பு, உழைத்த ஆள் படுக்கையில் என்றால், இந்த வழியைத் தவிர மற்றவை எதுவும் அடுப்பெரிய உதவாது. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் மாவட்ட நீதிமன்றம் இருக்கிறது. கொழும்புக்குப் போகத் தேவையில்லை என்பது பெரிய ஆறுதல்.

காலம். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச்சட்டத்தின் 9ஆம் பிரிவு, இழப்பு, காயம், சேதம் என்பவற்றுக்கான வழக்கை வழக்குக் காரணம் தோன்றிய நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் தொடுக்க வேண்டும் என்கிறது. "எனக்குத் தெரியவந்த நாளிலிருந்து" என்று அதில் எழுதவில்லை. வயிற்றுக்குள் துணி இருப்பது ஒரு வருடம் கழித்து ஸ்கேனில் தெரிந்தால், அங்கிருந்து எண்ண வேண்டும் என்று உங்கள் சட்டத்தரணி வாதிடலாம். ஆனால் அந்த வாதத்தை நம்பி நாள் கடத்தாதீர்கள். எப்போதும் சத்திரசிகிச்சை நடந்த நாளிலிருந்தே எண்ணுங்கள்.

அரசுக்கு எதிரான வழக்கில் இந்த இரண்டு வருடமும் முழுதாகக் கையில் இல்லை. 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டத்தால் அரச ஊழியரின் கவனயீனத்துக்கு அரசையும் பொறுப்பாக்கலாம், அதில் சட்டமா அதிபரே பிரதிவாதி. ஆனால் குடியியல் நடைமுறைக் கோவையின் 461ஆம் பிரிவின்படி எழுத்தில் அறிவித்தல் கொடுத்து ஒரு மாதம் கழிந்த பிறகுதான் வழக்கைப் பதிய முடியும். கடமையில் இருந்த அரச மருத்துவருக்கு எதிராகவும் அப்படியே. 2025 மார்ச் 10இல் சத்திரசிகிச்சை நடந்தது என்று வையுங்கள். 2027 மார்ச் 10 வரை காலம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அந்த மார்ச் முதலாம் திகதி சட்டத்தரணியிடம் போனால் கதவு மூடிவிட்டது. அறிவித்தல் ஜனவரி முடிவதற்குள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அதைத் தயாரிக்கப் பதிவுகளும் இன்னொரு நிபுணரின் கருத்தும் வேண்டும். ஆகவே சட்டத்தரணியிடம் போகும் காலத்தை முதல் ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தனியார் வைத்தியசாலை என்றால் அறிவித்தல் விதி இல்லை. ஒப்பந்த மீறல் என்ற அடிப்படையும் உண்டு. எழுத்து ஒப்பந்தத்துக்கு 6 வருடம், வாய்மொழி ஒப்பந்தத்துக்கு 3 வருடம். இரண்டு வருடம் தவறியவர்கள் இதைக் கேட்டுப் பார்க்கலாம், ஆனால் இதைத் திட்டமாக வைத்து இருக்கக்கூடாது. கோரும் தொகை சிறிதென்றால் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டுமா என்றும் கேளுங்கள். "அவர் எங்கள் ஊழியர் இல்லை, வெளியிலிருந்து வந்து செய்யும் நிபுணர்" என்று தனியார் இடங்கள் கையை விரிப்பது வழமை. எனவே இரு தரப்பையும் சேர்த்தே வழக்கு வரையப்பட வேண்டும்.

பாதிக்கப்பட்டவர் சிறுவர் என்றாலோ, சித்தசுவாதீனம் இழந்தவர் என்றாலோ, அந்த இயலாமை இருக்கும் வரை காலம் ஓடாமல் இருக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் பெற்றோர் தங்கள் கைக்காசில் செய்த செலவைக் கேட்பதற்கு அந்தச் சலுகையை நம்ப வேண்டாம். 18 வயது வரை பதிவுகளும் சாட்சிகளும் காத்திருக்கப்போவதும் இல்லை.

என்ன கிடைக்கும். உயிரோடு இருப்பவர் மருத்துவச் செலவு, இழந்த வருமானம், இனி இழக்கப்போகும் வருமானம், வேதனை ஆகியவற்றுக்குக் கேட்கலாம். மீன்பிடி, வயல், மேசன் வேலை என்று நாட்கூலிக்கு உழைத்தவர்கள் இங்கே தடுமாறுவார்கள், சம்பளத் துண்டு இருக்காது. வங்கிப் புத்தகம், நெல் விற்ற பற்றுச்சீட்டு, சங்கத்தின் கடிதம், கிராம உத்தியோகத்தரின் உறுதிப்பாடு என்று திரட்டத் தொடங்குங்கள்.

மரணம் என்றால் நிலைமை மாறியிருக்கிறது. பழைய உரோமன் டச்சுச் சட்டப்படி, இறந்தவரின் உழைப்பில் தங்கியிருந்தவர்கள் இழந்த காசை மட்டுமே பெரும்பாலும் கேட்க முடிந்தது. சின்னப் பிள்ளையை இழந்த தாய்க்கு அந்தக் கணக்கில் ஒன்றுமே மிஞ்சாது. உழைக்காத பிள்ளையின் உயிருக்கு விலையே இல்லை என்பது போன்ற அந்த நிலை பல வருடங்களாக எத்தனையோ பெற்றோரை நோகடித்தது. 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகு, ஒருவரின் தவறான செயலால் நேர்ந்த மரணத்தில் குடும்பத்தினர் இழந்த துணைக்கும் பராமரிப்புக்கும் நட்டஈடு கேட்க வழி இருக்கிறது. பழைய தீர்ப்புகளை மட்டும் வைத்து "பிள்ளை செத்ததுக்கு ஒண்டும் வராது" என்று யாராவது சொன்னால், இந்தச் சட்டத்தைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள்.

மறைந்திருக்கும் செலவு. காசை விடக் கஷ்டம், உங்களுக்காகச் சாட்சி சொல்லும் வைத்திய நிபுணரைத் தேடுவது. துறைக்குள் எல்லோரும் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள். மாவட்டத்துக்குள்ளேயே தேடினால் கிடைப்பது அரிது. பிறகு திருத்திச் செய்த வேறு மாவட்டத்து வைத்தியசாலையின் குறிப்புகள் சில வேளை வாய்ச்சாட்சியை விடப் பலமாகப் பேசும். வழக்குத் தவணை தவணையாகப் போகும், மேன்முறையீடும் இருக்கும். மேலே சொன்ன வழக்கில் மரணத்துக்கும் இறுதித் தீர்ப்புக்கும் இடையில் ஏறத்தாழ ஒன்பது வருடம் போனது. சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் மட்டக்களப்பு, கல்முனை நிலையங்களுக்குப் போகலாம். வருமானத்தைப் பார்த்து எடுப்பார்கள்.

என் அபிப்பிராயம் இது: நிரந்தரப் பாதிப்பு இருந்து, பதிவில் தெளிவான தாமதமோ பிழையோ தெரிந்து, வேறு ஒரு மருத்துவரும் "இது நடந்திருக்கக் கூடாது" என்றால் வழக்குப் போடுங்கள். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் நன்றாக யோசியுங்கள்.

## அடிப்படை உரிமை மனு

அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி உயர் நீதிமன்றத்துக்கு நேரடியாகப் போகும் வழி. நடந்த நாளிலிருந்து ஒரு மாதம்தான். சத்திரசிகிச்சைக்குப் பிறகு அந்த ஒரு மாதத்தில் குடும்பம் ஐ.சி.யூ வாசலில்தான் நிற்கும், சட்டத்தை நினைக்க யாருக்கும் நேரம் இருக்காது. அதற்கு ஒரு வழி 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தில் இருக்கிறது. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் எடுக்கப்படாது. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அதன் பிராந்தியக் காரியாலயங்கள் உண்டு, முறைப்பாட்டுக்குக் கட்டணம் இல்லை. முறைப்பாடு கொடுத்த துண்டு மட்டும் போதாது, விசாரணை உண்மையில் நடந்துகொண்டிருந்தது என்பதற்கும் ஆதாரம் கேட்ட தீர்ப்புகள் இருக்கின்றன. எனவே ஆணைக்குழு அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தையும் வைத்திருங்கள்.

எல்லாக் கவனயீனமும் அடிப்படை உரிமை மீறல் ஆகாது. தமிழில் சொன்ன குறையைக் கேட்க மறுத்தது, பாகுபாடு காட்டியது, சம்மதமே இல்லாமல் குடும்பக் கட்டுப்பாட்டுச் சத்திரசிகிச்சை செய்தது, பதிவுகளை ஒளித்தது, நிர்வாகம் தெரிந்தே ஆபத்தை விட்டுவைத்தது என்ற மாதிரி இருந்தால் இது வலுவான வழி. தனியார் வைத்தியசாலைக்கு எதிராக இது இல்லை. இறந்தவரின் சார்பில் வாழ்க்கைத் துணை மனுச் செய்யலாம் என்பதை 2003இல் உயர் நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. செலவு என்று பார்த்தால் கொழும்புச் சட்டத்தரணி, தவணைக்குத் தவணை உதயதேவி ரயிலிலோ இரவு பஸ்ஸிலோ பயணம், ஒரு நாள் கூலி, தங்குமிடம்.

## பொலிஸ், மரண விசாரணை, நீதவான்

தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவு கவனயீனத்தால் மரணம் விளைவிப்பதைக் குற்றமாக்கி ஐந்து வருடம் வரை சிறை என்கிறது. காயத்துக்கும் பிரிவுகள் உண்டு. கொலை, தேசத்துரோகம் தவிர்ந்த குற்றங்களுக்கு வழக்குத் தொடரும் காலம் 20 வருடம். நிரூபணம் மட்டும் சிவில் வழக்கை விட மிகக் கடினம், நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் காட்ட வேண்டும். சட்டமா அதிபர் திணைக்களம் என்ன தீர்மானிக்கும் என்பதும் உங்கள் கையில் இல்லை. 2023இல் யாழ்ப்பாணத்தில் காய்ச்சலுக்கு அனுமதிக்கப்பட்ட 8 வயதுச் சிறுமியின் கை அகற்றப்பட்டபோது விடயம் பொலிசுக்கும் நீதவானுக்கும் போனது. அப்படியான பாரதூரமான சம்பவங்களுக்கே இது ஏற்றது.

ஆனால் மரணம் என்றால் இந்த வழியின் முதல் படி மற்ற எல்லா வழிக்கும் அத்திவாரம். அதைத்தான் எங்கள் ஊர்களில் பெரும்பாலும் தவறவிடுகிறோம். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் அக்கரைப்பற்றிலும் ஜனாசாவை நேரத்தோடு அடக்க வேண்டும் என்பது மார்க்கக் கடமை. தமிழ்க் குடும்பங்களிலும் "வெட்டிக் கொத்தாமல் உடம்பைத் தாங்க" என்பதுதான் முதல் வார்த்தை. அந்த நேரத்தில் யாரிடமும் பிரேத பரிசோதனை பற்றிப் பேசுவது எவ்வளவு கொடுமை என்று தெரியும். இருந்தும் சொல்லியாக வேண்டும்: சத்திரசிகிச்சை மேசையிலோ அதற்குப் பின் எதிர்பாராமலோ மரணம் நடந்து, உங்களுக்குச் சந்தேகம் இருந்தால், உடலை ஏற்கும் முன் வைத்தியசாலைப் பொலிசிடமும் திடீர் மரண விசாரணை அதிகாரியிடமும் அதை வாக்குமூலமாகச் சொல்லுங்கள், சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனையைக் கேளுங்கள். "சந்தேகம் இல்லை" என்று கையெழுத்து வைத்துவிட்டுப் பிறகு வழக்குப் பேச முடியாத நிலை வரும். நீதவானின் கட்டளையோடு தோண்டி எடுக்கலாம்தான், அது இன்னும் பெரிய வேதனை. தகனம் முடிந்தால் அந்த வழியும் இல்லை. குடும்பத்தில் ஒருவரை, அழுகைக்குள் மூழ்காமல் இதை மட்டும் பார்க்கும்படி விடுங்கள், பள்ளிவாசல் நிர்வாகமும் ஊர்ப் பெரியவர்களும் விரைவாகப் பரிசோதனை முடிய உதவலாம்.

## தனியாருக்கு மட்டும் உள்ள இரண்டு இடங்கள்

2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தனியார் வைத்தியசாலைகள் பதியப்பட வேண்டும். அவற்றுக்கென்று உள்ள ஒழுங்குபடுத்தல் சபைக்கு முறைப்பாடு செய்யலாம். பதிவே இல்லாத இடத்தில் சத்திரசிகிச்சை நடந்திருந்தால் இது பலமான ஆயுதம். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு, சேவை கிடைத்து மூன்று மாதத்துக்குள் எழுத வேண்டும். செய்யாத பரிசோதனைக்குக் காசு எடுத்தது, சொன்ன தொகையை விடப் பல மடங்கு பில் போட்டது போன்றவற்றுக்கு அங்கே போங்கள்.

## உங்கள் நிலை எது?

ஆள் தேறிவருகிறார், விளக்கம்தான் வேண்டும் என்றால்: டிரெக்டருக்குக் கடிதம், தகவலறியும் உரிமையில் பி.எச்.ரி. அத்தோடு நிற்கலாம். மனம் மாறினாலும் கையில் பதிவு இருக்கும்.

நிரந்தரப் பாதிப்பு, அரச வைத்தியசாலை என்றால்: முதல் மாதத்தில் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குப் போவதா என்று தீர்மானியுங்கள். மூன்று மாதத்துக்குள் பதிவுகள், ஆறு மாதத்துக்குள் சட்டத்தரணி. கலண்டரில் இரண்டு வருடத்தின் கடைசி நாளை அல்ல, அதற்கு மூன்று மாதம் முந்திய நாளை வட்டமிடுங்கள்.

தனியார் இடத்தில் நடந்து பெரியாஸ்பத்திரியில் திருத்தியது என்றால்: திருத்திய இடத்துக் குறிப்புகள்தான் உங்கள் மிகப் பெரிய ஆதாரம், அவற்றை முதலில் கேளுங்கள். தனியார் நிர்வாகம் பில்லைத் தள்ளுபடி செய்து ஒரு கடிதத்தில் கையெழுத்துக் கேட்டால், "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி அதில் இருக்கிறதா என்று வாசிக்காமல் வைக்காதீர்கள்.

இரண்டு வருடம் ஏற்கெனவே கடந்துவிட்டது என்றால்: அரசுக்கு எதிரான நட்டஈட்டு வழக்கு அநேகமாக இல்லை. மருத்துவ சபைக்கு எழுதலாம், பாரதூரமானது என்றால் பொலிசில் முறையிடலாம். தனியார் என்றால் ஒப்பந்த அடிப்படையைச் சட்டத்தரணியிடம் கேளுங்கள். பாதிக்கப்பட்டவர் பிள்ளை என்றால், பிறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு போங்கள்.